மாதக் கணக்கு: எத்தனை புத்தகம், எத்தனை பக்கம், எத்தனை நாள்

வவுனியாவிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி:
ஒவ்வொரு வருடமும் தை பிறக்கும்போது "இந்த வருடம் ஐம்பது புத்தகம்" என்று எழுதி வைக்கிறேன். பங்குனியோடு நின்றுவிடுகிறது. எழுத்தும் அப்படித்தான், தினமும் ஒரு பக்கம் என்று தொடங்கினால் இரண்டு கிழமை போகாது. மாதக் கணக்கு வைத்திருப்பவர்கள் எப்படி வைக்கிறீர்கள்? கணக்கு வைத்தால் வாசிக்கிற சந்தோசம் போய்விடாதா?

2025 ஜனவரி 3

பதினைந்து வருடமாகக் கணக்கு வைக்கிறேன். சந்தோசம் போகுமா என்றால், எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. நான் புத்தகங்களை எண்ணிய ஒரே வருடத்தில் போனது.

அது 2017. வாசித்த புத்தகங்களைப் பதியும் குட்ரீட்ஸ் இணையத்தளத்தில் எல்லோரும் போடுகிறார்களே என்று நானும் ஐம்பது போட்டேன். செப்ரெம்பரில் திறந்து பார்த்தால் பதினெட்டுப் புத்தகம் பின்தங்கியிருக்கிறேன் என்று காட்டியது. அன்றிலிருந்து டிசெம்பர் வரை நான் எடுத்த புத்தகங்களில் ஒன்றுகூட நூற்றிருபது பக்கத்தைத் தாண்டவில்லை. ஐம்பதையும் முடித்தேன். அதில் இன்று நினைவில் நிற்பது ஏழோ எட்டோ. ஆசைப்பட்டு வாங்கிய அறுநூறு பக்க நாவல் ஒன்று அந்த வருடம் முழுக்க அலுமாரியில் இருந்தது. அதை முடிக்கிற நேரத்தில் ஆறு சின்னப் புத்தகம் முடிக்கலாம் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிட்டது. இன்னொரு துக்கம், இலங்கைப் பதிப்புகள் பல அந்தத் தளத்தில் இல்லை. நானே அட்டைப்படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது. அலுப்பில், தளத்தில் இருக்கிற புத்தகமாகப் பார்த்து வாசிக்கத் தொடங்கினேன். எண்ணும் கருவி எதை வாசிப்பது என்று எனக்குச் சொல்கிற நிலைக்கு வந்துவிட்டது.

சாள்ஸ் குட்ஹார்ட் என்ற பிரித்தானியப் பொருளியலாளர் 1975 இல் பணக்கொள்கை பற்றி ஒரு கருத்துச் சொன்னார். அதைப் பின்னால் வந்தவர்கள் சுருக்கிச் சொன்னார்கள்: ஓர் அளவையை இலக்காக்கினால் அது நல்ல அளவையாக இருக்காது. பணக்கொள்கைக்குச் சொன்னது என் அலுமாரிக்கும் அப்படியே பொருந்தியது.

இப்போது என் கொப்பியில் மாதத்துக்கு இரண்டு பக்கம். நாள், எங்கே வாசித்தேன், எத்தனை பக்கம், எழுதியது எவ்வளவு, ஒரு வரிக் குறிப்பு. அவ்வளவுதான்.

2025 ஜனவரி 5

ஏன் "எங்கே" என்று ஒரு நிரல் என்று கேட்டிருக்கிறீர்கள். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும்.

எனக்கு முதல் நியமனம் 2005 இல் கிண்ணியாவில். அப்போது பாலம் இல்லை. திருகோணமலை ரவுணில் பஸ் ஏறி, சீனக்குடா தாண்டிப் போய், இந்தக் கரையில் இறங்கிப் பாதைக்கு நிற்க வேண்டும். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு கரைக்குக் கரை போகிற மிதவைக்கு இங்கே பாதை என்றுதான் பெயர். அது அந்தக் கரையில் நின்றால் நாங்கள் இந்தக் கரையில் நிற்க வேண்டியதுதான். சில நாள் இருபது நிமிடம், சில நாள் முக்கால் மணி. கையில் புத்தகம் இல்லாமல் நான் போனதே இல்லை. ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையின் பெருவிரலால் பக்கம் புரட்டுவேன். மழைக்குப் பொலித்தீன் உறை. 2006 இல் பல மாதம் வாசிக்கவில்லை. ஏன் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

2009 ஒக்டோபரில் பாலம் திறந்தார்கள். 396 மீற்றர். நாட்டிலேயே நீளமானது என்று சொன்னார்கள். நாங்கள் குடும்பமாக நடந்து பார்க்கப் போனோம். இரவில் பிரசவ வலி வந்தவர்களுக்கும் ஐஸ் பெட்டியில் மீன் கொண்டு போகிறவர்களுக்கும் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பாதைக்கு நின்றவர்களுக்குத் தெரியும். எனக்கும் காலையில் ஒரு மணி நேரம் மிஞ்சியது. ஆனால் அடுத்த பொங்கலுக்கு அலுமாரி துடைக்கும்போது பார்த்தேன், மூன்று மாதமாக ஒரு புத்தகமும் முடிக்கவில்லை. வேலை கூடவில்லை. உடம்புக்கும் ஒன்றுமில்லை. யோசித்து யோசித்துக் கடைசியில் விளங்கியது. என் வாசிப்பு வீட்டில் நடந்ததே இல்லை. அந்தக் கரையில்தான் நடந்திருக்கிறது. காத்திருப்பைப் பாலம் எடுத்துக்கொண்டது, அதோடு வாசிப்பும் போய்விட்டது.

அன்றைக்கே ஒரு எண்பது பக்கக் கொப்பி எடுத்தேன். எங்கே வாசிக்கிறேன், எப்போது வாசிக்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான். எண்ணிக்கை பிறகு வந்து சேர்ந்தது.

2025 ஜனவரி 19

21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று எழுதியவருக்கு. அந்த 21 இன் ஊற்று மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர். முகம் மாற்றிக்கொண்டவர்களுக்குப் புதிய முகம் பழக குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960 இல் எழுதினார். அதில் "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முகத்துக்குச் சொன்னதை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

லண்டனில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரை 12 கிழமை பார்த்துச் செய்த ஆய்வில் ஒரு பழக்கம் தானாக நடக்க நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 இலிருந்து 254 வரை; 12 கிழமையைத் தாண்டியவை மதிப்பிட்டுச் சொன்னவை. எனக்குப் பிடித்தது அதில் இன்னொரு முடிவு: ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெடுவதில்லை. பங்குனியில் ஒரு கிழமை விட்டுப்போனதும் "போச்சு, இந்த வருடம் அவ்வளவுதான்" என்று கொப்பியை மூடிவைக்கிறோமே, அந்த மூடல்தான் கெடுக்கிறது. விட்ட நாளைப் பற்றி நான் ஒன்றும் செய்வதில்லை. அடுத்த நாளின் தேதியைப் போடுவேன், அவ்வளவுதான்.

என் வாசிப்பு இப்போது பெரும்பாலும் பஸ்ஸில். போக முப்பது பக்கம், வர முப்பது பக்கம் ஓடும்.

2025 பெப்ரவரி 11

ஞாயிறு நாடு முழுக்கக் கரண்ட் போனது. பாணந்துறையில் உபமின் நிலையத்துக்குள் குரங்கு பாய்ந்ததாகச் சொன்னார்கள். அன்று நான் வாசித்தது 84 பக்கம், இந்த வருடத்தின் அதிகம். கொப்பியில் "வீட்டு விறாந்தை. கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். மூன்றில் கடைசிதான் காரணம் என்று நினைக்கிறேன். மற்ற ஞாயிறுகளிலும் அதே விறாந்தை, அதே கதிரை. 20 பக்கம் தாண்டுவதில்லை.

இதை எழுதியதும் ஒரு சந்தேகம் வந்து 2022 பக்கங்களை எடுத்துப் பார்த்தேன். பங்குனி கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வெட்டிய காலம். வாசிப்பு கூடியிருக்க வேண்டும் அல்லவா? பங்குனி 90 பக்கம், சித்திரை 40. காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. ஒரு நாளில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறேன், பையில் புத்தகமும் இருந்தது, திறக்கவில்லை. கடதாசித் தட்டுப்பாட்டில் கொப்பி விலையும் ஏறி, சித்திரைக் கணக்கைப் பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆகவே ஜனவரி 5 இல் எழுதியதைத் திருத்துகிறேன். காத்திருப்பு இருந்தால் வாசிப்பு வரும் என்பது முழு உண்மை இல்லை. வரிசையில் முன்னால் இருக்கிறவருக்குப் பிறகு முடிந்துவிடுமோ என்று பார்த்துக்கொண்டு நிற்கும்போது ஒரு வரி உள்ளே போகாது. பாதை எப்படியும் வரும் என்று தெரியும். அதனால் வாசிக்க முடிந்தது.

2025 பெப்ரவரி 27

நேற்று சிவராத்திரி. கோணேசர் கோயிலில் விடிய விடிய இருந்துவிட்டு வந்தேன். வாசிப்பு 0, எழுத்து 0. இந்த மாதிரி நாளுக்கு நான் கோடு போடுவதில்லை. "கோயில்" என்று எழுதுவேன். பத்து வருடம் கழித்துப் புரட்டும்போது கோட்டைப் பார்த்து என்ன விளங்கும்?

2025 மார்ச் 16

பிழை என்னுடையது. "போக முப்பது, வர முப்பது என்றால் இருபது வேலைநாளுக்கு 1200 பக்கம் வர வேண்டுமே, உங்கள் பெப்ரவரிக் கணக்கு 540 தானே" என்று ஒருவர் கேட்டார். சரியான கேள்வி. இரண்டு கிழமை ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக எழுதிப் பார்த்தேன். போகும்போது 14 முதல் 16 பக்கம். வரும்போது இருக்கை கிடைத்தால் 8, கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை. உப்பாற்றுப் பக்கம் வந்தாலே புத்தகத்தை மூடிவிட்டு வெளியே பார்க்கிறேன் என்பதுகூட எழுதிய பிறகுதான் தெரிந்தது. முப்பது என்று நான் சொன்னது எப்போதோ ஒரு நல்ல நாளின் கணக்கு. பதினைந்து வருடம் கொப்பி வைத்திருந்தும் மனம் நல்ல நாளைத்தான் பிடித்து வைத்திருக்கிறது.

இலக்கு வைக்கப்போகிறவர்களுக்கு இதை மட்டும் சொல்வேன். முதல் மாதம் இலக்கே வேண்டாம். நடப்பதை எழுதுங்கள். அடுத்த மாதம் அதில் ஐந்திலொரு பங்கைக் கூட்டுங்கள். மாதம் 300 பக்கம் வாசிக்கிறவர் ஐம்பது புத்தகம் என்று எழுதினால் தையிலேயே தோற்ற மாதிரிதான்.

2025 ஏப்ரல் 5

எழுத்தைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. நவம்பரில் நாவல் எழுதும் நனோரைமோ அமைப்பை மூடுகிறோம் என்று மார்ச் 31 இல் அறிவித்துவிட்டார்கள். 1999 இல் 21 பேரோடு தொடங்கியது. முப்பது நாளில் 50,000 சொல், நாளைக்கு 1,667. செய்தியைப் பார்த்ததும் உண்மையாகவே வருத்தமாக இருந்தது. 2019 இல் நானும் எழுதினேன். 11,000 சொல்லோடு நின்றது. அப்போது எனக்கு நெஞ்சுரம் போதவில்லை என்று நினைத்தேன். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது.

50,000 என்பது ஆங்கிலச் சொல்லில் போட்ட கணக்கு. தமிழில் சொல் என்று எதை எண்ணுவது? "போய்க்கொண்டிருக்கிறேன்" என்று சேர்த்து எழுதினால் கணினி ஒன்று என்று எண்ணும். "போய்க் கொண்டு இருக்கிறேன்" என்றால் மூன்று. ஆங்கிலத்தில் இதே விஷயத்துக்கு மூன்று சொல் வேண்டும். "வீட்டிலிருந்து" நமக்கு ஒன்று, அவர்களுக்கு இரண்டு மூன்று. வேற்றுமை உருபு, காலம், எண், பால் எல்லாம் ஒரு சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற மொழியில் 1,667 சொல் என்பது ஆங்கிலக்காரர் எழுதுவதைவிடக் கனக்க எழுதுவது.

நேற்று இரவு ஒரு சோதனை செய்தேன். என் கொப்பியில் இருந்த ஒரு பக்கத்தை இரண்டு முறை தட்டச்சு செய்தேன். முதல் முறை, பள்ளியில் படித்தபடி துணைவினைகளைச் சேர்த்து: 188 சொல். இரண்டாம் முறை, பத்திரிகைகளில் சிலர் எழுதுகிற மாதிரிப் பிரித்துப் பிரித்து: 231. சொன்ன விஷயம் கொஞ்சமும் மாறவில்லை, சேர்த்ததைப் பிரித்தது மட்டும்தான். 43 சொல் சும்மா கிடைத்தது. இலக்கு வைத்து எழுதிய 2019 நவம்பர்க் கோப்பைத் திறந்து பார்த்தால், முதல் வாரத்தில் சேர்த்து எழுதியிருக்கிறேன், மூன்றாம் வாரத்தில் "வந்து விட்டு போய் கொண்டு இருந்தாள்" என்று பிரித்திருக்கிறேன். "போய்" என்பதற்குப் பின்னால் வர வேண்டிய "க்" கூடப் போடவில்லை. நான் தெரிந்து செய்யவில்லை. கை எண்ணிக்கைக்கு ஏற்ற மாதிரி மாறியிருக்கிறது. ஒரு எண்ணுக்காக என் தமிழ் கலைந்திருந்ததைப் பார்த்து நேற்றுத் தூக்கம் வரவில்லை.

இப்போது நான் சொல் எண்ணுவதில்லை. சிங்கிள் றூல் கொப்பியில் கையால் எழுதுகிறேன், பக்கம் எண்ணுகிறேன். என் கையெழுத்தில் ஒரு பக்கம் இருபத்தைந்து வரி. மாத இலக்கு பத்துப் பக்கம்.

2025 ஏப்ரல் 6

"எழுத்தை எண்ணலாமே" என்கிறீர்கள். அதுவும் சரிவராது. கணினி நம் எழுத்தை எண்ணுவதில்லை, அதற்குள் இருக்கிற குறிகளை எண்ணுகிறது. "அம்மா" நமக்கு மூன்று எழுத்து. யுனிகோடில் ஐந்து: அ, ம, புள்ளி, ம, கால். "திருகோணமலை" ஆறு எழுத்து, அதற்குப் பத்து.

2025 ஏப்ரல் 6, இரவு

என்ன எழுதுகிறேன் என்று கேட்டவருக்கு: பாதையில் கூடப் பயணம் செய்த பன்னிரண்டு பேரைப் பற்றி. ஆளுக்கு ஓர் அத்தியாயம். டிசெம்பருக்குள் முடிக்க வேண்டும். இதுவரை நான்கு பேர்.

2025 மே 9

செவ்வாய் உள்ளூராட்சித் தேர்தல். எனக்குக் கடமை. திங்கள் பெட்டி பொறுப்பெடுத்ததிலிருந்து புதன் வரை வாசிப்பு இல்லை. ஆனால் திங்கள் இரவு, வாக்களிப்பு நிலையமாக்கிய வகுப்பறையில் தூக்கம் வராமல் படுத்திருந்தபோது ஐந்தாவது ஆள் நினைவுக்கு வந்தார். பாதைத் துறையில் அவித்த கச்சான், அதாவது நிலக்கடலை, விற்றவர். சுருள் சுற்ற அவர் வைத்திருந்தது பழைய பரீட்சை விடைத்தாள்கள். கச்சானைத் தின்றுவிட்டு விடையை வாசிப்பேன். இத்தனை வருடம் அதை வாசிப்பாக நினைத்ததே இல்லை. கையில் இருந்த துண்டில் நான்கு வரி எழுதி வைத்தேன். மாதக் கணக்கில் அது கால் பக்கம்கூட இல்லை. இந்த வருடத்தில் எழுதியவற்றில் அந்த நான்கு வரியைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கிறது.

ஆகவே கணக்கில் இன்னொரு ஓட்டை. பக்கத்தை எண்ணினால் இந்த மாதிரி நாள் 0 என்று பதிவாகும். இனி நான்கு வரிக்குக் குறையாமல் எழுதினால் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம்.

2025 ஜூன் 22

அந்தோனி ட்ரொலப் என்ற 19 ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியரின் கணக்கைப் பற்றி வாசித்தேன். 47 நாவல் எழுதியவர். 1834 இல் பத்தொன்பது வயதில் அஞ்சல் துறையில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். அரச அலுவலகத்தில் நான் பார்க்கிற பதவிக்கும் முன்பு இதே பெயர்தான். வேலைக்குப் போகுமுன் விடிய ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினாராம். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு நாட்குறிப்பு. கிழமைக்குச் சராசரி 40 பக்கம்; குறைந்தது 20, கூடியது 112. "பக்கம்" என்றால் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் தன் பக்கம் 250 சொல் என்று அவரே வரையறுத்து வைத்திருந்தார். ஏப்ரலில் நான் முட்டிக்கொண்ட அதே இடம்.

இரண்டு நாள் இந்த மனிதரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஓர் அரச ஊழியர் வேலையையும் விடாமல் இவ்வளவு எழுதினார் என்பது எனக்குப் பெரிய தெம்பு. அதே நேரம், விடிய அவரை எழுப்பிக் கோப்பி கொடுக்க ஓர் ஆள் இருந்தார், அதற்கென்று வருடத்துக்கு ஐந்து ஸ்ரேலிங் பவுண் கூடுதலாகக் கொடுத்தார். நான் ஐந்தரைக்கு எழும்பினால் மாமிக்குத் தேத்தண்ணீர், மகனுக்குச் சாப்பாடு, மூன்று பேருக்கும் மதியப் பொதி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இன்னொருவருடைய எண்ணை எடுத்து நம் கொப்பியில் எழுதுமுன், அந்த எண்ணைத் தாங்கிப் பிடித்தவர் யார் என்றும் பார்க்க வேண்டும். ஐம்பது புத்தகம் என்று போடுகிறவர்களின் வீட்டில் சமைப்பது யார்?

அப்புறம், இதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். இப்போது சனி, ஞாயிறு காலைத் தேத்தண்ணீர் அவர் பொறுப்பு. ஐந்தரை முதல் ஏழு வரை மேசை எனக்கு. மூன்று வார இறுதியில் ஒன்பது பக்கம்.

2025 ஜூலை 13

கச்சான் காற்று, அதுதான் தென்மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று, அடிக்கிறது. பகலில் கட்டில்கூடச் சுடுகிறது. ஜூன் 410 பக்கம், இந்த மாதம் அதுவும் வராது. முன்பென்றால் கவலைப்பட்டிருப்பேன்.

பழைய கொப்பிகளிலிருந்து ஒவ்வொரு மாதத்தையும் தனியாக எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். மூன்று இரவு வேலை. நொவம்பர், டிசெம்பர், ஜனவரி: சராசரி 780. ஜூலை, ஓகஸ்ட்: 340. பதினைந்து வருடமும் ஏறத்தாழ இதே வடிவம்தான். வாடைக்காற்று தொடங்கி மழை பிடித்தால் கடலுக்கும் போக முடியாது, வெளியே போகவும் மனம் வராது, விறாந்தையில் வாசிக்கலாம். கச்சானுக்கு வெக்கை. அதோடு நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் ஆட்கள் நிறைகிற காலம். வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் வந்தால் வீட்டில் பாய் விரிக்க இடம் இருக்காது, நான் புத்தகத்தோடு எங்கே ஒதுங்குவது? பன்னிரண்டு மாதமும் ஒரே அளவு என்று இலக்குப் போடுவது இந்த ஊரின் காலநிலைக்கே பொருந்தாது. இனி இரண்டு இலக்கு: மாரிக்கு 800, கோடைக்கு 350.

எழுத்துக்கு இது தலைகீழ். மழை மாதங்களில் நான் எழுதியது மிகக் குறைவு. மாசியிலிருந்து சித்திரை வரைதான் ஓடுகிறது. 2019 இல் நவம்பரில் நாவல் எழுத உட்கார்ந்தது எனக்குத் தவறான மாதம். அவ்வளவுதான் விஷயம், நெஞ்சுரம் போதாததல்ல.

2025 ஓகஸ்ட் 17

மகனின் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்தது. இனி இதைச் சொல்லலாம். சென்ற வருடம் அவனுக்கும் ஒரு வாசிப்பு அட்டை செய்து சுவரில் ஒட்டினேன். ஒரு புத்தகத்துக்கு ஒரு நட்சத்திரம், பத்து நட்சத்திரத்துக்கு ஐஸ்கிறீம். முதல் மாதம் பதினொரு நட்சத்திரம். எனக்குப் பெருமை. இரண்டாம் மாதம் பதினாறு. மூன்றாம் மாதம் பார்த்தால் எல்லாம் பாலர் வகுப்புப் படப் புத்தகம். முன்பு விலங்குகள் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தவன், அதைத் தொடவே இல்லை. "அது முடியாது அம்மா" என்றான். 2017 இல் நான் செய்ததை அப்படியே அவனுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறேன்.

1973 இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் பாலர் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு இதேதான். வரைய விருப்பமான பிள்ளைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் தாமாக வரைகிற நேரம் குறைந்தது. எதிர்பாராமல் பரிசு கிடைத்த பிள்ளைகளுக்குக் குறையவில்லை.

அட்டையைக் கழற்றினேன். நட்சத்திரம் எங்கே என்று இரண்டு நாள் அழுதான். பிறகு இரவில் நானே வாசித்துக் காட்டத் தொடங்கினேன். அந்தத் தடித்த புத்தகத்தையே. ஆறு கிழமை ஆனது அவன் மறுபடி தானாக அதை எடுக்க.

2025 ஓகஸ்ட் 18

பிள்ளைக்கு வாசித்துக் காட்டியதை உங்கள் கணக்கில் சேர்ப்பீர்களா என்று மூன்று பேர். சேர்க்கிறேன். "மகனோடு" என்று "எங்கே" நிரலில் எழுதுகிறேன்.

2025 செப்ரெம்பர் 21

பாதியில் விட்ட புத்தகம், திரும்ப வாசித்த புத்தகம் பற்றிக் கேள்விகள். பக்கத்தை எண்ணுகிறவர்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. 70 பக்கத்தில் விட்டால் 70. திரும்ப வாசித்தால் திரும்ப எண்ணு. திரைவாசிப்பும் அப்படித்தான், 2005 இலிருந்து நடக்கிற நூலகம் இணையத்தளத்தில்தான் நான் பழைய ஈழத்துச் சஞ்சிகைகளை வாசிக்கிறேன், சஞ்சிகைப் பக்கத்தை ஒன்றரையாக எண்ணுவேன். கவிதைக்கு மட்டும் பக்கம் எண்ணுவதில்லை. எண்ணியவுடன் வேகமாகப் புரட்டுகிறேன் என்பதைக் கவனித்துவிட்டு 2018 இலேயே நிறுத்திவிட்டேன்.

நேற்றுப் பொது நூலகத்தில் ஒரு பழைய பயண நூல் எடுத்தேன். பின்னட்டையில் ஒட்டியிருக்கும் தவணைச் சீட்டில் கடைசி முத்திரை 1998. அதற்கு முன் 1991, 1987. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். 1991 இல் இந்த ஊரில் யாரோ ஒருவர் இதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்திருக்கிறார். ஊர் இருந்த இருப்பில் அவர் எங்கே உட்கார்ந்து வாசித்தார்? 41 ஆம் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. அவரா, வேறு யாருமா தெரியாது. முத்திரை எப்போது என்று மட்டும்தான் சொல்கிறது. என் ஒரு வரிக் குறிப்பை இனி இன்னும் கவனமாக எழுத வேண்டும் என்று அங்கேயே நினைத்தேன். 2012 கொப்பியில் பாதிக் குறிப்புகள் "நன்று", "பரவாயில்லை". எதைப் பற்றி நன்று என்று எனக்கே இப்போது தெரியவில்லை.

2025 ஒக்டோபர் 19

வவுனியாத் தம்பி கொப்பி தொடங்கிவிட்டதாக எழுதியிருக்கிறார். ஐம்பதை வெட்டிவிட்டு, பஸ் தரிப்பிடம் என்று முதல் வரி எழுதினாராம். மிகவும் சந்தோசம் தம்பி. ஒரு மாதம் இலக்குப் போடாமல் எழுதுங்கள்.

என் கணக்கு: செப்ரெம்பர் 465 பக்கம், எழுத்து பதினொன்று. ஒன்பது பேர் முடிந்தார்கள். பத்தாவது ஆள், காலைப் பாதையில் வாராவாரம் தையல் மெஷினின் ஒரு பாகத்தோடு வந்த அக்கா. அவரில் மூன்று கிழமையாக நிற்கிறது. அதனால் நேற்றுக் காலை தனியாகப் பழைய துறைக்குப் போனேன். பாலத்துக்குப் பக்கத்தில் கரையில் ஒரு கல்லில் இருந்தேன். மேலே பஸ்ஸும் ஓட்டோவும் ஓடிக்கொண்டிருந்தன, கீழே ஒருவரும் இல்லை. யாருக்கும் காத்திருக்காமல் முக்கால் மணி நேரம் இருந்தேன். முதலில் வாசித்தேன். பிறகு அந்த அக்காவின் கையில் இருந்த துணிப்பையின் நிறம் நினைவுக்கு வந்து, எழுதத் தொடங்கிவிட்டேன்.

கொப்பியில் இப்படி இருக்கிறது: ஒக்டோபர் 18. பழைய துறை. 11 பக்கம். எழுத்து ஒன்றரை. பச்சைத் துணிப்பை, கைப்பிடியில் சிவப்பு நூல்.

அவருடைய பெயர்தான் இன்னும் வரவில்லை. நாளை தீபாவளி லீவு. செவ்வாய்க்கிழமை கிண்ணியாவில் விசாரிக்க வேண்டும்.